கசடு லாரி எங்கே போகிறது?

செப்டிக் டேங்கை உறிஞ்சிய லாரி, இருட்டியதும் ஏரிக்கரையில் குழாயைத் திறந்துவிட்டுப் போவதைப் பார்த்தவர்கள் நம்மில் ஏராளம். கழிவறைக் கசடு மேலாண்மைக்குத் தமிழக அரசு 2014-லேயே வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 2017-ல் கருங்குழி பேரூராட்சியில் கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. இந்த லாரிகள் உள்ளாட்சியிடம் உரிமம் பெற வேண்டும் என 2022-ல் சட்டமும் திருத்தப்பட்டது. இவ்வளவுக்குப் பிறகும் ஏரிகள் நாறுகின்றன என்றால், கண்காணிக்க வேண்டியவர்கள் கண்காணிக்கவில்லை.

சுத்திகரிப்பு நிலையத்தில் கசடை உரமாக்குவதை வரவேற்கிறோம். ஆனால், காய்ந்து மண்போல் உதிர்வதாலேயே அது பாதுகாப்பானதாகிவிடாது. உருண்டைப்புழுவின் முட்டைகள் மண்ணில் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில்கூட உயிரோடிருக்கும். ஒரு கிராம் உலர்கசடில் புழு முட்டை ஒன்றுக்கும் குறைவாகவே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த உரம் கலந்த மண்ணை அளைந்த கையோடுதான் குழந்தைகள் சோற்றில் கைவைக்கின்றன.

எத்தனை லோடு எடுக்கப்பட்டது, எத்தனை லோடு நிலையத்துக்கு வந்து சேர்ந்தது என்ற கணக்கு மாதந்தோறும் மன்றக் கூட்டத்தில் வைக்கப்பட வேண்டும். உரத்தின் ஆய்வக முடிவை அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். வார்டு உறுப்பினர்களே, அடுத்த கூட்டத்திலேயே இந்தக் கணக்கைக் கேளுங்கள்.