சூரியனைப் பக்கவாட்டிலும் பார்க்க வேண்டும்

திண்டுக்கல் மாவட்டத்தின் கொடைக்கானல் ஆய்வகம் 1904 முதல் சூரியனைப் படம்பிடித்து வருகிறது. அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமே, 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலத்துக்கு, சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவைப் படமெடுக்கும் கருவியையும் உருவாக்கியது.

இது அறிவியல் ஆர்வத்துக்கு மட்டுமானதன்று. 1989 மார்ச்சில் சூரியப் புயலால் கனடாவின் கியூபெக் மாகாணம் சுமார் 9 மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தது.

இக்கருவி சூரியத் தட்டை மறைத்து, சீறிக் கிளம்பும் பிளாஸ்மா மேகத்தைக் காட்டுகிறது. ஆனால், பூமியை நோக்கி நேராக வரும் மேகத்தின் வேகத்தை எதிரே நின்று கணிப்பது கடினம். இரவில் எதிர்வரும் பேருந்தின் விளக்கை மட்டும் பார்த்து வேகத்தை அறிய முயல்வதைப் போன்றது அது. மேகத்தின் காந்தப்புலத் திசையோ, 15 லட்சம் கி.மீ. தொலைவிலுள்ள எல்1 புள்ளியை அது அடையும்போதுதான் உறுதியாகத் தெரியும். அதன்பின் எஞ்சுவது பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

ஆகவே, பக்கவாட்டுப் பார்வையும் தேவை. ஐரோப்பா அதற்கென ‘விஜில்’ கலத்தை 2031-இல் அனுப்பத் திட்டமிட்டுள்ளது. ஆதித்யாவின் திட்டமிட்ட ஆயுள் 5 ஆண்டுகளே. அது முடியுமுன் அடுத்த கலத்துக்கு நிதி ஒதுக்கி, மின்தொகுப்பையும் செயற்கைக்கோள்களையும் காக்கும் நிரந்தர முன்னெச்சரிக்கைச் சேவையை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்பதே என் கருத்து. ஆய்வுக்கலம் ஓய்வு பெறலாம். எச்சரிக்கை ஓயக் கூடாது.