தாயும் சேயும் நலமா?

புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974-ல். அதற்குச் சில வருஷம் கழித்து, இந்த மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தேன். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவனுக்குத் தமிழில் கோப்பு எழுதிப் பழகவே ஒரு வருஷம் பிடித்தது. ஆனால் ஒரு வாசகம் மட்டும் முதல் மாதமே கைக்கு வந்துவிட்டது: "தாயும் சேயும் நலம்." பிரசவக் கணக்கில் பெயருக்கு எதிரே அதைத்தான் எழுதுவேன்.

எங்கள் மூத்த மகள் பிறந்தபோதும் உறவுக்காரர்களுக்கு அப்படியே கார்டு எழுதிப் போட்டேன். ஆனால் ஒரு மாதமாகியும் என் மனைவிக்குத் தூக்கமில்லை. பிள்ளை அழுதால் தானும் சேர்ந்து அழுவாள். "காத்துக் கருப்பு பட்டிருக்கும்" என்று அம்மா கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். நான், "ஊர் உலகத்துல யாரும் பெறாத பிள்ளையா?" என்று கேட்டுவிட்டு ஆபீசுக்குப் போனேன். முப்பது வருஷம் கழித்து, மகளின் பிரசவத்தின்போதுதான் அவள் சொன்னாள்: "அப்ப எனக்குக் கிணத்தடிக்குத் தனியாப் போகவே பயமா இருக்கும்." சுகாதார நிலையத்தில் சம்பளம் வாங்கியவன் வீட்டு லட்சணம் இது.

பிரசவமான சில நாளில் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் அது நோயாக இருக்கலாம், குணமாகக்கூடிய நோய். அடையாளம் காண ஸ்கேன் வேண்டாம். 1987-ல் வெளியான எடின்பரோ அளவுகோலின் பத்துக் கேள்விகள் இருக்கின்றன, தமிழிலும் உண்டு. பத்தாவது கேள்வி, தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது.

பாரிஸ் பக்கம் இருக்கும் என் தங்கை மகளிடம் இப்படிக் கேட்டார்கள். பிரசவித்த நான்காவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் தாயோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும் என்று பிரான்ஸில் 2022 ஜூலை முதல் விதியே வந்துவிட்டது. பிரெஞ்சில் மருத்துவச்சியை 'சாழ் ஃபாம்' என்பார்கள். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் 'விவேகமுள்ள பெண்'.

நம்மிடம் என்ன குறை? 1886-ல் இதே புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு நிதியுதவி கிடைக்கிறது. நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் பக்கத்துத் திருச்சியும் ஒன்று, அது 1996-ல். ஆனாலும் மனநல மருத்துவரைத் தேடிப் போனால் ஊர் பேசும். தடுப்பூசி போடப் போனால் யாரும் பேசமாட்டார்கள். ஆகவே எடையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் அதே இடத்தில், அதே நர்சம்மா மனசையும் விசாரிக்க வேண்டும் என்பது என் கட்சி.

இளவட்டங்களுக்கும் இதே வாசல்தான் வேண்டும். ப்ளஸ் டூ படிக்கும் பையன் "மனசு சரியில்லை" என்று எங்கேயும் போகமாட்டான்; தலைவலி, தூக்கமில்லை என்றுதான் வருவான். மாத்திரையோடு இரண்டு வார்த்தை கேட்டால் விஷயம் வெளியே வரும். தலைப்பிள்ளைக்காரி பலரும் இருபது வயதுப் பெண்கள்தானே?

பதிவேட்டில் இன்னொரு கட்டம் போட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. செவிலியர்கள் ஏற்கெனவே எழுதி மாய்கிறார்கள். ஆளும் நேரமும் கொடுக்காமல் கட்டம் மட்டும் கொடுத்தால், கேட்காமலே 'நலம்' என்று நிரப்பிவிடுவார்கள். நான் நிரப்பியவன், எனக்குத் தெரியும்.

பாரத்தைப் பகிர வழியுண்டு. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், 2006 முதல் பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வாசல் பெஞ்சில் உட்காரவைத்தார். மனம் நொந்து வருகிறவர்களோடு அவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். நம் ஊரில் பாட்டிகளுக்கா பஞ்சம்?

அரசு செய்யும்போது செய்யட்டும். நம் வயதுக்காரர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளை பார்க்கப் போனால் யார் ஜாடை என்று பார்ப்பதற்கு முன், "நீ தூங்கினியாம்மா?" என்று தாயைக் கேளுங்கள். பதில் சரியாக இல்லையென்றால் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். டெலி மானஸ் எண் 14416, கட்டணமில்லை. குழந்தையையோ தன்னையோ ஏதாவது செய்துகொள்வேன் என்று சொன்னால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள், தனியே விடாதீர்கள்.

நான் அன்று கேட்கவில்லை.