ஓவியம் வந்தது, ஓவியர் எங்கே?

சிலப்பதிகாரம் கற்பிக்கப் புகும் ஆசிரியர் எவரும் இந்திரவிழவு ஊரெடுத்த காதையில் சற்றே நின்றுதான் மேற்செல்வர். புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தை இளங்கோவடிகள் அங்கே தெருத்தெருவாகக் காட்டுகிறார். ஓவியரைக் கண்ணுள் வினைஞர் என்கிறார். சுதையில் உருச் சமைப்போரை மண்ணீட்டாளர் என்கிறார். எத்துணைச் செப்பமான சொற்கள்! பொற்கொல்லரும் தச்சரும் துன்னகாரரும் வாழ்ந்த அதே பாக்கத்தில்தான் குழலும் யாழும் வல்ல பெரும்பாணர்க்கும் இருக்கை இருந்தது. அது கடலை ஒட்டிய பகுதி. கலத்தில் வந்திறங்கிய அயல்நாட்டாரும், மீனும் உப்பும் விற்போரும் நெருங்கி வாழ்ந்த இடம். அரசரும் பெருங்குடி வணிகரும் வாழ்ந்தது மற்றொரு புறமாகிய பட்டினப்பாக்கம். வினைஞர் எங்கே குடியிருந்தனரோ அங்கே அவர்தம் வினையும் இருந்தது என்பதே இக்காதையைப் பாடஞ்சொல்லும்போதெல்லாம் யாம் மாணவர்க்கு எடுத்துக்காட்டி வரும் செய்தி.

சென்ற கோடை விடுமுறையில் மேனிலை வகுப்பு மாணவர் பதினொருவரை அழைத்துக்கொண்டு மூன்று நாள் சென்னையைச் சுற்றி வந்தோம். கடற்கரையையும் விலங்குக் காட்சியகத்தையும் காட்டித் திரும்புவது எம் நோக்கமன்று. அந்நகரின் கலைகள் எங்கே வேரூன்றின, எங்கெங்கே குடிபெயர்ந்தன, இற்றை நாளில் எங்கே இருக்கின்றன என்பதைக் காலால் நடந்து காணவேண்டும் என்பதே நோக்கம். அவ்வாறு கண்டதில் ஒரு மாணவன் கேட்ட கேள்வி எம்மை இன்றும் உறுத்திக்கொண்டிருக்கிறது. அதனைச் சொல்லவே இவ்வாசிரியவுரை.

முதல் நாள் சார்சு டவுன். வெள்ளையர் தம் கோட்டைக்கு வெளியே கறுப்பர் நகர் என்று ஒதுக்கிவைத்துப் பின்னாளில் தம் மன்னன் பெயரைச் சூட்டிய பகுதி அது. துறைமுகத்தை அடுத்த அந்நெருக்கமான தெருக்களைச் சென்னையின் மருவூர்ப்பாக்கம் என்றால் மிகையாகாது. அங்கிருந்த தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை தனம்மாள் இசைக்க, நகரின் இசையறிஞரெல்லாம் வந்தமர்ந்து கேட்டனர். 1938-இல் மறைந்த அவ்வம்மையாரின் பெயர்த்தியே சதிராட்டத்தை உலகறியச் செய்த பாலசரசுவதியார். சற்றே மேற்கில், நடுவத் தொடர்வண்டி நிலையத்தை அடுத்த விக்டோரியா பொதுக்கூடத்தில் பம்மல் சம்பந்தனார் 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபையார் நாடகம் ஆடினர். அவையின் பெயர் வடமொழியே. ஆயினும் தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதி, படித்தவர் மேடையேற நாணிய காலத்தில் அவர்களை மேடையேற்றிய பெருமை அவருடையது. இன்று சார்சு டவுனில் தாளும் இரும்பும் மின்கருவிகளும் மொத்த விலைக்கு விற்கின்றன. தனம்மாள் வாழ்ந்த வீடு எப்பக்கம் என்று கடைக்காரர் மூவரைக் கேட்டோம். மூவரும் எம்மைத் தாள் வாங்க வந்தவரென்றே கருதி விலை சொன்னார்கள்.

அங்கிருந்து கலை தெற்கே பெயர்ந்தது. வழக்கறிஞரும் அலுவலரும் மயிலையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் குடியேற, வீட்டு முற்றத்து இசை, நுழைவுச் சீட்டு விற்கும் சபாக்களுக்குச் சென்றது. 1928-இல் இசைப் பேரவையாகிய மியூசிக் அகாதெமி எழுந்தது. 1936-இல் அடையாற்றில் கலாசேத்திரம் தொடங்கிப் பின்னர்த் திருவான்மியூர் மணலில் நிலைகொண்டது. இசை வேளாளர் குடிப் பெண்டிரின் சதிர், பரதநாட்டியம் என்னும் புதுப்பெயருடன் அங்கே கற்பிக்கப்பட்டது. 1947-இல் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் ஒழிந்தது. ஒழிந்தது நன்றே, அதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. ஆயினும் இழிவு நீங்கியபோது, அவ்வாடலைத் தலைமுறை தலைமுறையாய்க் காத்த குடியினர்க்கு மேடையும் அல்லவா நீங்கிவிட்டது! கலை இடம்பெயரும்போது அதை ஆக்கியோர் உடன்செல்கின்றனரா என்று யாரும் அன்று கேட்கவில்லை.

மொழி உடன்செல்கிறதா என்றேனும் சிலர் கேட்டனர். தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப்பாட்டு, நிகழ்ச்சியின் இறுதியில் பாடும் துக்கடாவாய்ச் சுருங்கியிருந்ததைப் பொறாமல் 1941-இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் அமைந்தது. 1949 முதல் அச்சங்கத்தார் பண்ணாராய்ச்சி நடத்திவந்தமை தமிழர் மறக்கவொண்ணாத் தொண்டு. அவர்தம் அரசர் அண்ணாமலை மன்றம் சார்சு டவுனின் வாயிலில், உயர்முறைமன்றத்துக்கு அருகில் நிற்கிறது. மார்கழியில் சுற்றுலா வருவோரைக் கொண்டுசெல்லும் வண்டிகளோ மயிலை, ஆழ்வார்ப்பேட்டை, தியாகராயர் நகர் என்றே சுற்றுகின்றன. 2017-இல் யுனெசுகோ அமைப்பு சென்னையை இசைக்குரிய படைப்பு நகராக ஏற்றது. அவ்விசையுள் வடசென்னையின் கானாவும் பறையும் அடங்குமா என்று ஒரு மாணவி கேட்டாள். அடங்கத்தான் வேண்டும் என்றோம். 2007-இல் தொடங்கி இடையில் நின்று 2023-இல் மீண்ட சென்னை சங்கமமும், 2020 முதல் நடந்த மார்கழியில் மக்களிசையும் அவ்வழியில் எடுத்துவைத்த அடிகள் என்பதையும் சொன்னோம்.

இரண்டாம் நாள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும், அங்கிருந்து கவின்கலைக் கல்லூரிக்கும் சென்றோம். சோழர்காலச் செப்புத் திருமேனிகளின்முன் மாணவர் நின்ற நிலையைக் கண்டு காவலரே வியந்தார். கல்லூரியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். வெள்ளை மருத்துவர் ஒருவர் 1850-இல் தொடங்கிய அப்பள்ளிக்கு இந்தியருள் முதன்முதல் தலைமை ஏற்றவர் தேவிபிரசாத்து இராய் சௌத்திரி. கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணம். அவருக்குப்பின் 1957-இல் தலைமையேற்ற கே. சி. எசு. பணிக்கர், தம் மாணவரைப் பற்றி ஒரு கவலை கொண்டார்: படித்து முடித்த ஓவியன் எங்கே போவான்? விளம்பரக் கடைக்கும் துணி ஆலைக்குமா?

அக்கவலையின் விடையே சோழமண்டல ஓவியர் சிற்றூர். அதனைக் காண ஈஞ்சம்பாக்கம் சென்றோம். துணியில் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாட்டிக் வேலையைத் தாமே செய்து விற்று, அப்பணத்தைத் திரட்டி நிலம் வாங்கினர் ஏறத்தாழ முப்பது கலைஞர். ஆண்டு 1966. அப்பொழுது அங்கே மணலும் சவுக்கும் கடற்காற்றுமே உண்டு. அரசையும் வேண்டாமல் செல்வரையும் வேண்டாமல், பகலில் பாட்டிக்கும் மற்ற நேரத்தில் தம் ஓவியமுமாக வாழ்ந்தனர். பணிக்கர் மலையாளி, அதனால் என்ன? ஓவியனுக்கு முதலில் வேண்டுவது குடியிருக்க ஓரிடம் என்பதை அறிந்து செய்தவர் அவர். பேரிடும்போதும் கடற்கரைக்குரிய பழம்பெயரைத் தேர்ந்து சோழமண்டலம் என்று இட்டனர். ஐரோப்பியர் வாயில் கோரமண்டல் என்று சிதைந்த பெயர் அங்கே மீண்டும் தமிழாயிற்று. இன்று அவ்வூரைச் சுற்றி மாளிகைகளும் உண்டிச்சாலைகளும் நெருக்கி நிற்கின்றன. இனியொரு முப்பது இளைஞர் பாட்டிக் விற்று அங்கே ஒரு காணி வாங்குவது கனவிலும் இயலாது.

மூன்றாம் நாள் துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகர். கலைச்சுற்றுலாவுக்கெனக் கிடைத்த மடித்தாளில் 'கண்ணகி ஆர்ட் டிசுட்ரிக்டு' என்று போட்டிருந்தது. இப்பெயரைப் பிறகு கவனிப்போம். 2020-இல் தெருக்கலை அறக்கட்டளை ஒன்றும், வண்ணப்பூச்சு நிறுவனம் ஒன்றும், மாநகராட்சியும் கூடி, உள்நாட்டு வெளிநாட்டு ஓவியரைக் கொண்டு அடுக்குமாடி வீடுகளின் சுவர்களில் பேரோவியங்கள் தீட்டுவித்தன. அப்பகுதிச் சிறார் முகங்கள் சிரிக்கின்றன. பறவைகளும் மீன்களும் பூக்களும் மாடியளவுக்கு எழுந்து நிற்கின்றன. நல்ல ஓவியங்கள்; பொய் சொல்லமாட்டோம். வெறுஞ்சுண்ணச் சுவரைவிட அவை நூறு மடங்கு மேல்.

அவ்வூரின் வரலாற்றையும் மாணவர்க்குச் சொன்னோம். 2000-ஆம் ஆண்டு முதல், கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளிலிருந்தும் கடற்கரைகளிலிருந்தும் அகற்றப்பட்ட மக்களைக் குடிசை மாற்று வாரியம் அங்கே கொண்டு குடியேற்றியது. நடுநகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். தொடக்கத்தில் கட்டிய வீடுகள் இருநூறு சதுர அடியும் இல்லை. வீட்டுவேலை செய்தவரும் மூட்டை சுமந்தவரும் மீன் விற்றவரும் தம் பிழைப்பிடத்திலிருந்து பெயர்த்தெறியப்பட்டனர். கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை கிடையாது என்று அஞ்சி வேறு முகவரி சொல்லும் இளைஞர் அங்கு உண்டு. அவ்விழிவைத் துடைப்பதும் ஓவியம் தீட்டியதன் நோக்கங்களுள் ஒன்று என்றார்கள்.

பெயரைப் பாருங்கள்! ஊர்விட்டு ஊர்வந்து, முறைகேட்டுக்குத் தன் உடைமையைப் பறிகொடுத்து, மன்னன் முன் நின்று வழக்குரைத்தவள் கண்ணகி. நகரிலிருந்து அகற்றிய மக்களைக் கொண்டுவைத்த இடத்துக்கு அவள் பெயர். 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிக் கடற்கரையில் நிறுவிய அவள் சிலையையே 2001-இல் பெயர்த்தெடுத்து எழும்பூர் அருங்காட்சியகத்தில் போட்டுவைத்திருந்து, 2006-இல்தான் மீண்டும் நிறுத்தினர். சிலைக்கு மீட்பு ஐந்தாண்டில் வந்தது.

ஓவியங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மாணவன் கேட்டான்: “ஐயா, இதை வரைந்தவர் இங்கே எந்த வீட்டில் இருக்கிறார்?”

யாம் விடை சொல்லவில்லை. மருவூர்ப்பாக்கம் படித்த பிள்ளை அப்படித்தானே கேட்பான்!

விடையைத் தேநீர்க் கடையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் சொன்னார். “வரைஞ்சவங்க வந்தாங்க, வரைஞ்சாங்க, போயிட்டாங்க தம்பி. நல்லவங்கதான்.” அவரே கூவக்கரையிலிருந்து வந்தவர். இளமையில் அண்ணா சாலையில் திரைப்படப் பதாகைகளுக்கு எழுத்து எழுதியவராம். அறுபது, எழுபது அடி உயரத்துக்கு எழுப்பிய அவ்வுருவங்களைத் துண்டு துண்டாகத் தீட்டிப் பொருத்துவர். முகம் வரைபவர் ஒருவர், எழுத்து வரைபவர் மற்றொருவர். தமிழ் எழுத்தின் வளைவு கெடாமல், படத்தின் இயல்புக்கேற்பத் தீயாகவும் பாறையாகவும் பூவாகவும் எழுத்தை ஆக்கும் அக்கைத்திறத்தை எந்தக் கல்லூரியும் கற்பிக்கவில்லை. நெகிழித் தாளில் அச்சிடும் பொறி வந்ததும் அத்தொழில் ஓராண்டு ஈராண்டில் படுத்துவிட்டது. 2009-ஐ ஒட்டி மாநகராட்சி, சுவரொட்டிகளை நீக்கிச் சாலைச் சுவர்களில் தமிழர் பண்பாட்டுக் காட்சிகளைத் தீட்டுவித்தபோது இத்தகையோர் சிலர்க்கு மீண்டும் தூரிகை கிடைத்தது. பின்னர் அதுவும் நின்றது. இந்தக் கண்ணுள் வினைஞர் இப்பொழுது ஓர் அடுக்ககத்தில் இரவுக் காவலர். அவர் வீட்டுக் கதவில் தம் பெயரைத் தாமே எழுதியிருக்கிறார். மாணவர் அனைவரும் அதைத் தொட்டுப் பார்த்தனர். சுவரில் தீட்டிய பேரோவியங்கள் எதனையும் அவர்கள் தொடவில்லை.

அயலூர் ஓவியர் வரலாகாது என்பது எம் கருத்தன்று. கலைக்கு வேலி கட்டுவோர் அல்லேம். ஆனால் அச்சுவர்களுக்குள்ளேயே எழுத்தறிந்த கை ஒன்று வெறுமனே இருக்கிறது. கானா பாடுவோரும் பறையடிப்போரும் அங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றனர். அவர்களைக் கேளாமல் அமையும் கலைப்பகுதி, வந்து பார்ப்போர்க்குக் காட்சி. குடியிருப்போர்க்கு வண்ணம் பூசிய சுவர். வண்ணம் வெயிலிலும் மழையிலும் வெளுக்கும். வெளுத்தபின் மறுபடி பூசப்போவது யார்? அவ்வூர்ப் பிள்ளைகள் பூசக் கற்றிருந்தால் அதற்கு அயலாரை எதிர்பார்க்க வேண்டுமா? பணிக்கர் கேட்ட கேள்வியை இங்கே திருப்பிக் கேட்கவேண்டும்: ஓவியனுக்கு இடம் தந்தீர்களா, ஓவியத்துக்கு மட்டும் தந்தீர்களா?

ஆகவே யாம் வேண்டுவது இது. கண்ணகி நகரில் சுவரெழுத்தும் ஓவியமும் பயிற்றும் கூடம் ஒன்றை அரசு கட்டட்டும்; பழைய பதாகை வினைஞரைக் கூலி தந்து அங்கே ஆசிரியராக அமர்த்தட்டும். பறைக்கும் கானாவுக்கும் நிலையான அரங்கு ஒன்று அங்கேயே எழட்டும். மார்கழி வண்டிகள் ஒருநாளேனும் அவ்வழி திரும்பட்டும். ஒவ்வோர் ஓவியத்தின் கீழும் அதன் பொருளையும் வரைந்தோர் பெயரையும் நல்ல தமிழில் எழுதிவைக்கட்டும். எழுதுவதற்கு ஆள் அங்கேயே இருக்கிறார். பெயரையும் மாற்றட்டும். 'ஆர்ட் டிசுட்ரிக்டு' என்பதற்கு நம்மிடம் சொல் இல்லையா? இளங்கோவடிகள் வைத்துப்போன பாக்கம் என்னும் சொல் இருக்கிறது. அவ்வூரின் பக்கத்திலேயே துரைப்பாக்கமும் இருக்கிறது. கண்ணகி கலைப்பாக்கம் என்றால் யார்க்கு விளங்காது?

மாணவர் பதினொருவரும் ஒப்பமிட்டு இவ்வேண்டுகோளை மாநகராட்சிக்கும் வாழ்விட வாரியத்துக்கும் அஞ்சலில் விடுத்துள்ளனர். விடை வரின் அடுத்த இதழில் வெளியிடுவோம். வரும் கோடையில் மீண்டும் ஒரு குழு செல்கிறது. இம்முறை பத்து நாள். அவற்றுள் ஐந்து நாள் அப்பெரியவரிடம் தமிழெழுத்து வரையப் பயில்வது. அவர் ஒப்புக்கொண்டுள்ளார், இரவுக் காவல் முடிந்து உறங்கி எழுந்தபின், பிற்பகல் மூன்று மணிக்கு வரச்சொன்னார். உடன்வர விரும்பும் ஆசிரியரும் மாணவரும் எமக்கு எழுதுக. தூரிகையும் வண்ணமும் அவரவர் கொண்டுவருதல் வேண்டும்.