கைமாற்றுக் கொடுத்தவர் ஏன் தலைகுனிய வேண்டும்?

நமது வியாபாரிகளிடையே விசித்திரமான ஒரு நிலைமை வளர்ந்து வருகிறது. கைமாற்று வாங்கியவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறார். கொடுத்தவரோ அவரை வழியில் கண்டால் என்ன பேசுவதென்று தெரியாமல் அடுத்த தெருவால் போகிறார். சல்லியைத் திருப்பிக் கேட்டால் நட்பு முறிந்துவிடுமோ, "இவ்வளவு வசதியிருந்தும் இதற்காக அலைகிறாரே" என்று ஊரார் பேசுவார்களோ என்பதுதான் அவருடைய பயம்.

இந்தப் பயம் தேவையற்றது என்பதும், இதனால் நமது வர்த்தக சமூகமே நட்டப்படுகிறது என்பதும் எனது கருத்து.

கைமாற்று என்பது நமது வியாபாரத்தின் முதுகெலும்பு. புறக்கோட்டை மொத்த வியாபாரிக்குக் கொடுத்த செக் நாளை வங்கிக்குப் போகிறது; கணக்கில் 2 இலட்சம் குறைகிறது. உடனே ஒரு நண்பருக்குப் போன் எடுக்கிறோம். அவர் தருகிறார். பத்து நாளில் திருப்பிக் கொடுக்கிறோம். வட்டியில்லை, பிணையில்லை, பத்திரச் செலவில்லை. கையில் பெரிய முதல் இல்லாமல் தொழில் தொடங்கிய நம்மில் பலர் இப்படித்தான் எழுந்து நின்றோம். கொடுத்த சல்லி திரும்பி வராத அனுபவம் ஒருவருக்கு இரண்டு தடவை ஏற்பட்டால், மூன்றாவது தடவை நேர்மையான ஒருவர் வந்து கேட்டாலும் அவர் கையை விரிப்பார். அந்த நேர்மையான மனிதர் எங்கே போவார்? மனைவியின் நகையை அடகு வைப்பார். அல்லது மீற்றர் வட்டிக்காரனிடம் போய் நிற்பார். ஆகவே, கைமாற்றைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பவர் தன் நண்பரின் சல்லியை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து வருபவருக்கு வட்டியில்லாமல் கிடைக்கவேண்டிய உதவியின் கதவையும் சேர்த்து மூடிவிடுகிறார்.

இந்த விடயத்தில் முதலில் நாம் பிரித்துப் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. தர முடியாதவர் வேறு. தர மறுப்பவர் வேறு. இருவரையும் ஒரே தராசில் வைப்பதாலேயே பாதிப் பிரச்சினை உண்டாகிறது.

நமது வியாபாரிகள் கடந்து வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 2018 மார்ச்சில் திகனை, 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பின்னர் மே மாதத்தில் மினுவாங்கொடை, குளியாப்பிட்டிப் பகுதிகளில் எரிந்த கடைகள், அதைத் தொடர்ந்த பகிஷ்கரிப்பு, 2020 இல் கொரோனா முடக்கம், 2022 இல் டொலர் நெருக்கடி. இத்தனை அடிகளுக்குப் பின்னர் ஒருவர் "இப்போது கையில் இல்லை" என்றால் அது உண்மையாகவும் இருக்கலாம்.

எனது நண்பர் ஒருவர் கண்டிப் பக்கத்தில் புடவைக் கடை வைத்திருக்கிறார். 2019 ஆரம்பத்தில் பெருநாள் சரக்கு எடுப்பதற்காக என்னிடம் 4 இலட்சம் கைமாற்று வாங்கினார். அந்த வருடப் பெருநாள் வியாபாரம் எப்படிப் போனதென்று உங்களுக்குத் தெரியும். அவர் ஒளிந்துகொள்ளவில்லை. கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். "மச்சான், இதுதான் நிலைமை. சரக்கு அப்படியே கிடக்குது. நீங்களே பார்த்து ஒரு வழி சொல்லுங்க" என்றார். இருவரும் உட்கார்ந்து மாதம் 10,000 ரூபா என்று எழுதிக்கொண்டோம். 2020 நடுப்பகுதியில் ஆரம்பித்தார். 2022 இல் சில மாதங்கள் தவறின. ஒவ்வொரு மாதமும் முன்கூட்டியே சொன்னார். 2024 நோன்பு காலத்தில் கடைசித் தவணையைக் கொண்டுவந்து தந்தார். இன்றைக்கு அவர் கேட்டாலும் நான் கொடுப்பேன். கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், விட்டுக்கொடுத்தால் அது இன்னும் நல்லது என்று அல்குர்ஆன் (2:280) வழிகாட்டுவது இப்படிப்பட்டவர்களின் விடயத்தில்தான்.

இனி மற்றவரைப் பார்ப்போம். என்னிடம் 5 இலட்சம் வாங்கிய இன்னொருவர் ஒரு வருடமாக "அடுத்த மாசம் தாறன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருடத்திலேயே புதிய வேன் ஒன்று எடுத்தார். மகளின் கல்யாணத்தை ஹோட்டலில் நடத்தினார். போன் எடுத்தால் பேசுவதில்லை. பள்ளியில் கண்டால் ஸலாம் சொல்லிவிட்டு அவசரமாகப் போய்விடுவார். இவர் தர முடியாதவரல்லர். வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டு கிரந்தங்களிலும் பதிவாகியிருக்கிறது. ஆனால் நமது ஊர்ப் பெரியவர்களிடம் போனால் என்ன சொல்கிறார்கள்? "அல்லாஹ் உங்களுக்குத் தந்திருக்கிறான்தானே, கொஞ்சம் பொறுமையாக இருங்க" என்று கொடுத்தவருக்கே உபதேசம் செய்கிறார்கள். 2:280 ஐ எடுத்து வசதியுள்ளவருக்குக் கேடயமாகக் கொடுப்பது எந்த வகையில் நியாயம்?

கொடுத்தவரின் சல்லி என்பது அவருடைய பெட்டகத்தில் சும்மா கிடந்த சல்லியல்ல. அதில் கடைப் பொடியன்களின் சம்பளம் இருக்கிறது. சரக்குக் கொடுத்தவருக்குச் சேரவேண்டியதும் பிள்ளையின் படிப்புச் செலவும் இருக்கின்றன. தாமதமும் ஒரு நட்டம்தான். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபா. மே மாதத்தில் அது சுமார் 360 ரூபா. அதாவது, மார்ச்சில் 5 இலட்சத்தைக் கைமாற்றாகக் கொடுத்தவரின் கையிலிருந்து சுமார் 2,500 டொலர் பெறுமதியான சரக்கு போனது. மே மாதத்தில் அதே 5 இலட்சம் திரும்பி வந்தபோது 1,400 டொலர் பெறுமதிகூட அதில் இல்லை. கூடுதலாக ஒரு சதம் கேட்க நாம் விரும்புவதில்லை. அது வட்டியாகிவிடும் என்று பயப்படுகிறோம். அப்படியானால் வாங்கியவரல்லவா சொன்ன தேதியில் கொடுக்க அதிகமாகப் பயப்பட வேண்டும்?

சரி, தர மறுக்கும் நண்பரிடம் எப்படி நடந்துகொள்வது? எனது அனுபவத்திலும் மூத்த வியாபாரிகளிடம் கேட்டறிந்ததிலும் சரியென்று பட்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, நேரில் போய்த் தனியாகக் கேளுங்கள். சாடைமாடையாகப் பேச வேண்டாம். "நீங்க எனக்கு 5 இலட்சம் தரணும். எப்ப, எப்படித் தருவீங்க?" என்று தொகையையும் தேதியையும் சொல்லிக் கேளுங்கள். ஒரு மனிதர் நபியவர்களிடமே தனது கடனைக் கடுமையாகக் கேட்டபோது தோழர்கள் கோபப்பட்டார்கள். உரிமையுள்ளவருக்குப் பேசும் உரிமை உண்டு, அவரை விட்டுவிடுங்கள் என்று நபியவர்கள் தடுத்தார்கள். அந்த உரிமை உங்களுக்கும் இருக்கிறது.

இரண்டாவது, பேசியதை எழுத்தில் வாங்குங்கள். கொடுக்கும்போது எழுதாவிட்டாலும் இப்போது எழுதலாம். கடன் பற்றிய வசனம் (2:282) அல்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சோம்பல்பட வேண்டாம் என்றும், கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்றும், சாட்சிகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. எழுதுவது அவநம்பிக்கையல்ல. நாளை நீங்கள் மவுத்தாகிவிட்டால் உங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கடன் எப்படித் தெரியும்? அவர் மவுத்தாகிவிட்டால் சொத்துப் பிரிக்கும் முன்பு கடனைக் கொடுக்கவேண்டிய வாரிசுகளிடம் எதைக் காட்டுவீர்கள்?

மூன்றாவது, நாட்டின் சட்டம் கொடுத்திருக்கும் காலக்கெடுவை மறந்துவிடாதீர்கள். நமது வியாபாரிகளில் அனேகருக்கு இது தெரியாது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, புரோநோட்டு போன்ற எழுத்து மூலமான கடனுக்கு 6 வருடத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். எழுத்தில்லாமல் கொடுத்த சல்லிக்கு 3 வருடம். கடையில் கடனுக்குக் கொடுத்த சரக்குக்கும் கொப்பியில் எழுதிய கடைக் கணக்குக்கும் ஒரேயொரு வருடம்தான். வாங்கியவர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையொப்பமிட்டாலோ ஒரு பகுதியைச் செலுத்தினாலோ பொதுவாகக் காலம் மீண்டும் புதிதாக எண்ணப்படும். "பார்ப்போம், பார்ப்போம்" என்று வெட்கத்தில் இருந்தால் நமது வாயாலேயே நமது உரிமையை அழித்துக்கொள்கிறோம். தொகை பெரிதென்றால் ஒரு சட்டத்தரணியிடம் உங்கள் விபரத்தைக் காட்டித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

நான்காவது, இருவரும் மதிக்கின்ற இரண்டு பேரை நடுவில் வையுங்கள். அதிலும் சரிவராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்தச் சபைகளில் சட்டத்தரணிகள் ஆஜராவதில்லை. செலவும் இல்லையென்றே சொல்லலாம். சட்டம் குறிப்பிடும் தொகைக்கு உட்பட்ட கடன் பிணக்குகள் முதலில் அங்குதான் போக வேண்டும். இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் ஏற்காது. "வழக்குப் போட்டுவிட்டான்" என்ற பேச்சுக்கும் அங்கு இடமில்லை. ஒரு மேசையில் உட்கார்ந்து பேசுவது மட்டும்தான்.

செக் விடயத்திலும் ஒரு வார்த்தை. கணக்கில் சல்லியில்லை என்று தெரிந்துகொண்டே செக் எழுதுவது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி குற்றமாகும். ஆகவே திரும்பி வந்த செக்கையும் வங்கி தந்த துண்டையும் கிழித்தெறியாமல் பத்திரமாக வைத்திருங்கள். தேதியில்லாத வெற்றுச் செக்கை "பாதுகாப்புக்கு" வாங்கி மேசைக்குள் வைத்துக்கொள்வதால் பிரயோசனம் குறைவு. தொகையும் தேதியும் எழுதிய செக்கைக் கேளுங்கள்.

செய்யக்கூடாதவையும் உண்டு. வட்ஸ்அப் குழுக்களில் அவருடைய பெயரைப் போட்டு நாறடிக்காதீர்கள். ஆள் அனுப்பிக் கடையில் சாமான் தூக்காதீர்கள். அவரது மனைவி, பிள்ளைகளிடம் போய்க் கேட்காதீர்கள். வெறும் கைமாற்று விடயத்தில் பொலிஸ் நிலையம் கடன் வசூலிக்கும் இடமல்ல. இவற்றில் ஒன்றைச் செய்தாலும் நியாயம் உங்கள் பக்கத்திலிருந்து அவர் பக்கத்துக்குப் போய்விடும்.

மேலே சொன்ன 5 இலட்சம் விடயத்தில் நான் இந்த வழியிலேயே போனேன். மத்தியஸ்த சபையில் தவணை முடிவாகி, ஒன்றரை வருடத்தில் முழுத்தொகையும் வந்து சேர்ந்தது. பழைய நட்பு மட்டும் வரவில்லை. இன்றும் என்னைக் கண்டால் அவர் முகம் மாறுகிறது. அதற்காக எனக்குக் கவலை உண்டு. ஆனால் நான் கேட்டதால் நட்பு முறிந்தது என்று ஏற்கமாட்டேன். எனது போனைக் கண்டு அவர் முதல் தடவையாக மறைந்துகொண்ட அன்றே அது முறிந்துவிட்டது.

விட்டுக்கொடுக்க விரும்பினால் மனம் நிறைந்து விட்டுக்கொடுங்கள்; அவரிடமும் சொல்லிவிடுங்கள். வாயால் விட்டுவிட்டு மனதில் வைத்துக் கொதிப்பது உங்கள் உடம்புக்கும் நல்லதல்ல, மறுமைக்கும் நல்லதல்ல. வராத கடனை "ஸகாத்தில் கழித்தேன்" என்று கணக்கு எழுதுவதைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்பதில்லை. உங்கள் ஊர் மௌலவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளி நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டுக் கூட்டத்தாரில் கடனாளிகளும் அடங்குவர் (9:60). உண்மையாகவே விழுந்துபோன வியாபாரியை அந்தப் பங்கிலிருந்து தூக்கிவிடுங்கள். வசதியிருந்தும் இழுத்தடிப்பவருக்கு முன் ஸப்பில் மரியாதை கொடுக்காதீர்கள். கடனோடு மவுத்தான ஒருவரின் ஜனாஸாத் தொழுகையை நடத்த நபியவர்கள் தயங்கி நின்றதும், அபூகதாதா (ரழி) கடனைத் தான் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்ததும் நம்மில் எத்தனை ஜும்ஆக்களில் சொல்லப்படுகிறது?

இதை வாசிக்கும் உங்களில் யாராவது ஒரு நண்பருக்குக் கடன்பட்டு, வெட்கத்தால் அவருடைய போனைத் தவிர்த்துக்கொண்டிருக்கலாம். முழுத்தொகையும் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே அவருக்குப் போன் எடுங்கள். இருக்கும் 5,000 ரூபாவையாவது கொண்டுபோய்க் கொடுத்து மீதியை எழுதிக்கொடுங்கள். கொடுத்தவர் எதிர்பார்ப்பது பல நேரங்களில் அதைத்தான்.