ஒலிநாடா போயிற்று; நாதஸ்வரக் கலைஞரும் போகலாமா?

திருவிழா என்றவுடன் நம் செவிகளில் முதலில் ஒலிப்பது நாதஸ்வரமும் பக்திப் பாடல்களுமே ஆகும். சூலமங்கலம் சகோதரிகளின் கந்தர் சஷ்டிக் கவசமும், சீர்காழி கோவிந்தராஜனின் கணீர்க் குரலும் இசைத்தட்டாகவும், ஒலிநாடாவாகவும், குறுந்தட்டாகவும் நம் இல்லங்களுக்கு வந்தன. இன்றோ அவை அனைத்தும் கைத்தொலைபேசிச் செயலிக்குள் அடங்கிவிட்டன.

இவ்வாண்டு ஏற்பாட்டுக் கூட்டத்தில் செயலவை இளைஞர் ஒருவர், "ஐயா, மேளக் குழுவுக்கு ஏன் இத்தனை செலவு? மாதச் சந்தா கட்டினால் எல்லா வித்துவான்களும் செயலியில் இருக்கிறார்களே" என்று கேட்டார். ஆலயத்தின் வரவு செலவை எண்ணியே அவர் பேசினார். அன்று என்னால் உடனே விடை கூற இயலவில்லை. இக்கட்டுரையே என் விடை.

முதலில் நன்மையைச் சொல்வோம். ஒலிநாடாக் காலத்தில் திருட்டுப் பிரதிகள் மலிந்திருந்தன. 1999ஆம் ஆண்டு நாப்ஸ்டர் வந்தபின் இணையத்தில் பாடல்கள் இலவசமாகவே கைமாறின. உலக இசைத் தொழில் பல்லாண்டுகள் நலிந்தது. 2008இல் சுவீடனில் சேவையைத் தொடங்கிய ஸ்பாட்டிஃபை, 2013இல் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. சிறு சந்தாவுக்கு எல்லாப் பாடல்களும் கிடைத்ததால் மக்கள் மீண்டும் பணம் கொடுத்துக் கேட்கத் தொடங்கினர். 2024ஆம் ஆண்டில் பதிவிசையின் உலக வருவாய் 2,960 கோடி அமெரிக்க டாலர். அதில் 69 விழுக்காடு இத்தகைய சேவைகளிலிருந்தே வந்தது. கடைகளில் கிடைக்காத பழைய பாடல்களைப் பேரப்பிள்ளைகள் நொடியில் தேடித் தருகின்றனர். இதனை மறுப்பதற்கில்லை.

ஆயினும், அப்பணம் எவ்வாறு பகிரப்படுகிறது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். ஒலிநாடா வாங்கியபோது நாம் கொடுத்த வெள்ளியில் ஒரு பங்கு, அந்த ஒலிநாடாவை வெளியிட்டவருக்கே சென்றது. பெரிய சேவைகளில் பொதுவாக அவ்வாறில்லை. எல்லோருடைய சந்தாவும் ஒரே பானையில் சேர்கிறது. நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டபின், எந்தப் பாடல் எத்தனை முறை கேட்கப்பட்டதோ அந்த விகிதப்படி எஞ்சியது பிரிகிறது. நான் மாதம் முழுவதும் ஒரே ஒரு நாதஸ்வர வித்துவானைக் கேட்டாலும், என் சந்தாவின் பெரும்பகுதி நான் கேட்டறியாத உலகப் புகழ் பாடகர்களுக்கே போய்ச் சேரும். கேட்பவரின் பணம் அவர் கேட்ட கலைஞருக்கே செல்லும் முறையை சவுண்ட்கிளவுட் நிறுவனம் 2021இல் கொண்டுவந்தது. எனினும் அது பொது வழக்கமாகிவிடவில்லை.

இன்னும் கேளுங்கள். ஸ்பாட்டிஃபையில் முப்பது வினாடி ஒலித்தால் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. இரண்டு நிமிடத் துள்ளல் பாட்டுக்கும் ஒரு கணக்கு. நாற்பது நிமிட இராக ஆலாபனைக்கும் அதே ஒரு கணக்கு! மேலும், 2024 முதல், பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறைகூடக் கேட்கப்படாத பதிவுக்கு அங்கே உரிமைத்தொகை கிடையாது. நம் வட்டாரத்துச் சிறு கலைஞர்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

கருவிக்கேற்ப இசை சுருங்குவது புதிதன்று. டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் தோடி, பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே கொண்ட பழைய இசைத்தட்டுகளில்தான் பதிவாயிற்று. ஆனால் அந்த மூன்று நிமிடத்தையும் மக்கள் முழுமையாகக் கேட்டனர். இன்று விரல் நுனியில் அடுத்த பாடல் காத்திருப்பதால், பல்லவி முடியுமுன்னே தாவிவிடுகிறோம். ஒலிநாடாவின் அட்டையில் தவில் வாசித்தவர் பெயரையும் படித்தோம். திரையில் பல வேளைகளில் அப்பெயர் தெரிவதே இல்லை.

சென்ற ஆண்டு அன்னதானக் கூடத்தில் கட்டணமில்லாச் செயலி ஒன்றை ஒலிக்கவிட்டோம். முருகன் பாடல் முடிந்ததும் கோழி வறுவல் விளம்பரம் முழங்கிற்று! மெய்யன்பர்கள் சிரித்தனர், நான் தலைகுனிந்தேன். சந்தா கட்டினால் விளம்பரம் வராது என்பீர்கள். ஆனால் அச்சந்தா பொதுவாகச் சொந்தமாகக் கேட்பதற்கு மட்டுமே, பொதுவிடத்தில் ஒலிபரப்புவதற்கன்று. இதனை ஆலயங்கள் கவனத்தில் கொள்வது நலம்.

அனைத்துக்கும் மேலாக, திரை விலகும் கணத்தைச் செயலி காணாது. சுவாமி புறப்பாட்டின்போது மல்லாரியை எடுக்கவும், தீபாராதனையின்போது கெட்டிமேளம் முழக்கவும், தேர் சற்று நின்றால் இராகத்தை நீட்டவும் உயிருள்ள கலைஞர் வேண்டும். பதிவிலிருந்து வரும் வருவாய் இவ்வளவு குறுகிவிட்ட காலத்தில், அவருடைய அடுப்பு எரிவது ஆலயங்களும் திருமணங்களும் தரும் சன்மானத்தால்தான். அதையும் நாம் நிறுத்திவிட்டால், செயலியில் ஏற்றுவதற்கு நாளை எவர் வாசிப்பார்?

ஆகவே, மேளக் குழுவின் சன்மானத்தில் ஒரு வெள்ளியும் குறைக்கலாகாது என்பதே செயலாளர் என்ற முறையில் என் கருத்து. வீட்டில் செயலியைத் தாராளமாகக் கேளுங்கள்; பாடலை முழுமையாகக் கேளுங்கள். உள்ளூர்க் கலைஞர் வெளியிடும் குறுந்தட்டை அவரிடமே விலை கொடுத்து வாங்குங்கள். திருவிழா நாளில் மேளக் குழுவின் அருகே ஐந்து நிமிடம் நின்று கேட்டு, வித்துவானின் பெயரையும் கேட்டறிந்து பாராட்டுங்கள். கேள்வி எழுப்பிய அந்த இளைஞரையே இவ்வாண்டு மேளக் குழுவை வரவேற்று உபசரிக்கும் பொறுப்புக்கு முன்மொழிய எண்ணியுள்ளேன். அருகிருந்து கேட்டபின் அவர் தம் கருத்தைச் சொல்லட்டும்.