கம்ப்யூட்டருக்குத் தெரியாத கடைசிக் கம்பம்

அணில், முயல், நாய். மிருகக்காட்சி சாலையின் பட்டியல் அல்ல இது. மின் வாரியங்களில் அலுமினியக் கம்பிகளுக்கு வழங்கும் ஆங்கிலப் பெயர்களின் தமிழ் அர்த்தம். 20 சதுர மி.மீ. அலுமினியம் கொண்டது 'ஸ்குவிரல்'. 50 என்றால் 'ராபிட்'. 100 என்றால் 'டாக்'.

ஒரு கிராமத்துக்குப் போகும் பழைய ஸ்குவிரல் கம்பியை இறக்கிவிட்டு ராபிட் ஏற்றுவதா, இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர் வைப்பதா, கெப்பாசிட்டரே போதுமா? வெகுகாலம் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது பொறியாளரின் அனுபவம். கூடவே உள்ளூர்ப் பிரமுகரின் சிபாரிசு. இப்போது கம்ப்யூட்டரையும் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஒரு மின்பாதையை 30 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று மாற்றுகள் என்று வைத்தாலே 200 லட்சம் கோடிக்கு மேற்பட்ட சேர்க்கைகள். மனிதன் கணக்குப் போட்டுத் தீராது.

கணக்கின் அடிப்படை எளிது. மின்னோட்டம் இரட்டித்தால் கம்பியில் வீணாகும் மின்சாரம் நான்கு மடங்காகும். 400 வோல்ட் கம்பியைக் கிலோமீட்டர் கணக்கில் இழுத்தால் பாதி வழியிலேயே மின்சாரம் களைத்துவிடும். அதே மின்சாரத்தை 11,000 வோல்ட்டில் பம்புசெட் அருகே வரை கொண்டுபோய், அங்கே சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் மின்னோட்டம் 27-ல் ஒரு பங்குக்குக் குறைகிறது. ஆந்திரத்தில் பரவலாகச் செய்யப்பட்டது இதுதான். ஆனால் செலவு அதிகம். எங்கே தகும், எங்கே தகாது என்று கம்ப்யூட்டர் சொல்லும்.

சொல்லும், சரியான விவரம் கொடுத்தால். பஞ்சாப், தெலங்கானா, தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் பெரும்பாலான பம்புசெட்டுகளுக்கு மீட்டரே இல்லை. மீட்டரின்றி மின்சாரம் தரக்கூடாது என்று 2003-ன் மின்சாரச் சட்டம் சொல்லியும் இதுதான் நிலைமை. விவசாயம் குடித்ததாக எழுதப்படும் யூனிட்டுகளில் திருட்டு எவ்வளவு, கம்பியில் போனது எவ்வளவு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? யூகத்தைக் கொடுத்தால் யூகத்தையே அச்சடித்துத் தருகிறது இயந்திரம், நான்கு தசம ஸ்தானங்களோடு.

விவரம் சரியாக இருந்தாலும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. 'ஒரு ரூபாய் செலவுக்கு அதிக மின் இழப்பைக் குறைப்பது எது?' என்று கேட்டால், பளு மிகுந்த பாதைகளே பட்டியலின் தலையில் நிற்கும். பாதையின் வால்முனையில் இருபது வீடுகளும் நாலு மோட்டார்களும் உள்ள குக்கிராமம் கடைசிக்குப் போய்விடும். குறைவாகச் செலவழிப்பதால் அங்கே இழப்பும் குறைவு. அங்கே விளக்கு மின்மினியாக எரிவதும், வோல்டேஜ் இறங்கி மோட்டார் எரிந்து காயில் கட்ட விவசாயி பணம் தேடுவதும் மின் நிறுவனத்தின் நஷ்டக் கணக்கில் வருவதில்லை. கம்ப்யூட்டர் பாரபட்சம் காட்டவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது, அவ்வளவுதான்.

கேள்வியை மாற்றலாம். வீட்டு இணைப்பில் வோல்டேஜ் 6 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்று வகுத்தவை 1956-ன் இந்திய மின்சார விதிகள். 'கடைசிக் கம்பம் வரை இந்த வரம்பு மீறப்படக் கூடாது. அதற்குள் மலிவான வழியைத் தேடு' என்று சொன்னால் அதையும் இயந்திரம் தேடும். பட்டியல் மாறும், செலவும் கூடும். கூடுதல் செலவை ஏற்பதா என்பது அரசியல் முடிவு. குஜராத்தில் 2003-ல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டம் அப்படித்தான் நடந்தது. கிராமத்து வீடுகளுக்கு 24 மணி நேர மின்சாரம், வயலுக்குத் தனிப்பாதை என்று முதலில் தீர்மானித்தார்கள். கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் பிறகு வந்தன.

2021-ல் மத்திய அரசு அறிவித்த மின் விநியோகச் சீரமைப்புத் திட்டத்தின் மதிப்பு 3,03,758 கோடி ரூபாய். இத்தகைய பணத்தில் எந்தப் பாதை முதலில், எது பிறகு என்று பட்டியலிடும்போது, கம்ப்யூட்டரிடம் கேட்ட கேள்வி என்ன என்பதையும் மின் நிறுவனங்கள் சேர்த்து வெளியிட வேண்டும். விடையை மட்டும் காட்டி, 'மெஷின் சொல்லிவிட்டது' என்று கைவிரிப்பவர்களை வால்முனைக் கிராமம் நம்ப வேண்டியதில்லை.