ரம்பத்தைப் பத்தி ஒரு ரம்பம்

மக்கா, தலைப்பைப் பார்த்துட்டு ஓடிடாதீங்க. நான் வழக்கமா போடுற ரம்பம் இல்ல இது. நிஜ ரம்பம். மரம் அறுக்கிற கரண்ட் ரம்பம்.

"பி.காம் படிக்கிற பயலுக்கு ரம்பத்துல என்னடா வேலை?"ன்னு கேக்கப் போற கிளாஸ்மேட்டுகளுக்கு ஒரு வார்த்தை. அட்டைப்பெட்டி மேல எந்த எண்ணைப் பெருசா அச்சடிக்கிறாங்க, அதைப் பார்த்துட்டு நாம எதுக்குக் காசை எடுத்து நீட்டுறோம்ங்கிறது சுத்தமான காமர்ஸ் மேட்டர். மார்க்கெட்டிங் பேப்பர்ல பத்து மார்க் கேள்விக்கு சோப்பு, ஷாம்பூன்னு எழுதி எழுதி எனக்கும் அலுத்துப் போச்சு. அதான் ரம்பம்.

சரி, மேட்டருக்கு வருவோம். அமெரிக்காவுல இருக்கிற நம்மாளுங்க பல பேருக்கு இப்போ மரவேலை மேல ஒரு கிறுக்கு. வாரநாள்ல கம்ப்யூட்டர், சனி ஞாயிறுல கார் நிறுத்துற ஷெட்ல அலமாரி, ஷூ ரேக், குழந்தைக்குக் கட்டில். நல்ல விஷயம்தான். எங்க சித்தப்பா பையன் ஒருத்தர் கலிபோர்னியாவுல இருக்கார், அவரும் இந்தக் கோஷ்டி. போன வாரம் போன்ல, "எடை கம்மியான வோர்ம் டிரைவ் ரம்பம் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன்டா. இப்போ அலமாரி செய்யலாம், பின்னாடி ஊருக்கு வரும்போது அப்படியே தூக்கிட்டு வந்துடலாம்"னார். அண்ணனுக்கு போன்ல சொன்ன பதிலைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன். எடை குறைஞ்ச வோர்ம் டிரைவ் அருமையான மெஷின். ஆனா அது யாருக்காகச் செஞ்சதோ அவங்களுக்கு மட்டும். அலமாரி செய்றவருக்கு அது தண்டச் செலவு.

முதல்ல இந்த வோர்ம்னா என்னன்னு பார்த்துடுவோம். வோர்ம்னா புழு. மோட்டார் தண்டு முனையில திருகாணி மாதிரி மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு பல்சக்கரத்தைச் சுத்தும், பல்சக்கரம் பிளேடைச் சுத்தும். மரையோட நெளிவு புழு மாதிரி இருக்கிறதால அந்தப் பேரு. இந்த அமைப்புல சுழற்சி தொண்ணூறு டிகிரி திரும்புது. அதனால மோட்டார் பிளேடுக்கு இணையா நீளவாக்குல படுத்துக்கும், கைப்பிடி கடைசியில வந்துடும். மெஷின் பார்க்க நீளமா, ஒல்லியா இருக்கும். இன்னொரு வகைக்குப் பேரு சைட்வைண்டர். அதுல மோட்டார் பிளேடுக்குப் பக்கவாட்டுல துருத்திக்கிட்டு நிக்கும். அமெரிக்கப் பாலைவனத்துல பக்கவாட்டுல நெளிஞ்சு ஓடுற ஒரு பாம்புக்கும் சைட்வைண்டர்னுதான் பேரு. ஆக மொத்தம் புழுவுக்கும் பாம்புக்கும் நடுவுல பஞ்சாயத்து :)

புழு பிறந்த கதை சுவாரசியம். எட்மண்ட் மிஷெல்னு ஒருத்தர், லூசியானா கரும்புக் காட்டுல ஆளுங்க வெட்டுக்கத்தியை வச்சு மாங்கு மாங்குன்னு வெட்டுறதைப் பார்த்திருக்கார். மால்ட் பால் கலக்குற மெஷினோட மோட்டாரைக் கழட்டி அந்தக் கத்தியில பொருத்திப் பார்த்தார். அப்புறம் ஜோசப் சல்லிவன்ங்கிறவர் கூட்டு சேர்ந்து, "கரும்பை விடுய்யா, மரத்தைப் பிடி"ன்னு திருப்பி விட, 1924இல் சிகாகோவுல கம்பெனி ஆரம்பிச்சாங்க. அதான் பின்னாடி ஸ்கில்ஸா. 1937இல் வந்த அவங்க மாடல் 77தான் இன்னிக்கு வரைக்கும் வோர்ம் டிரைவுக்கு இலக்கணம். நம்மூர்ல ஜெராக்ஸ்னா நகல்னு ஆன மாதிரி அங்க ஸ்கில்ஸான்னாலே கரண்ட் ரம்பம்னு ஆகிப்போச்சு. பாம்பு வகைக்கான கியரை 1929இல் போர்ட்டர் கேபிள் கம்பெனியோட ஆர்ட் எம்மன்ஸ் கொண்டு வந்தார். அப்போலேர்ந்து சண்டைதான். மேற்குக் கடற்கரை ஆளுங்க புழுக் கட்சி, கிழக்குக் கடற்கரை ஆளுங்க பாம்புக் கட்சி. அங்க இது கிட்டத்தட்ட ரஜினி கமல் தகராறு.

புழுவை நம்புறவங்க யாருன்னு கவனிங்க. மரச்சட்டத்துல வீடு கட்டுற தச்சர்கள். அங்க வீட்டுக்குச் சுவரு, கூரை எல்லாமே மரச்சட்டம்தான். காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் நூத்துக்கணக்கான சட்டத்தை அறுக்கணும். ஈர மரம், கணு மரம்னு பார்க்க முடியாது. அந்த வேலைக்கு வேகத்தை விட முறுக்குவிசை முக்கியம், பாதி அறுப்புல மோட்டார் திணறக் கூடாது. நீள உடம்பு இருக்கிறதால எட்டிப் போய் அறுக்கலாம். பிளேடு இடது பக்கம் இருக்கிறதால வலது கைக்காரர் கழுத்தை வளைக்காம கோட்டைப் பார்க்கலாம். இத்தனை வசதிக்கும் அவங்க கொடுத்த விலைதான் எடை.

அந்த எடையைக் குறைக்கத்தான் மெக்னீசியம் வந்துச்சு. அலுமினியத்தோட அடர்த்தி 2.7, மெக்னீசியம் 1.74. அதாவது மூணுல ஒரு பங்குக்கும் மேல குறைவு. கூரை மேல நின்னுக்கிட்டு ஒரு கையில ரம்பத்தைத் தூக்கித் தூக்கி வேலை பார்க்கிறவருக்கு ஒரு கிலோ குறைஞ்சா சாயங்காலம் தோள்பட்டை அவரை வாழ்த்தும். அவர் வாங்கட்டும், நியாயம். சொல்லப் போனா அவருக்கு இது இன்னும் முன்னாடியே வந்திருக்கணும்.

இப்போ நம்ம அலமாரி அண்ணனுக்கு வருவோம். அவர் அறுக்கப் போறது என்ன? 18 மி.மீ. ப்ளைவுட். ஷீட்டைத் தரையிலயோ மேஜையிலயோ படுக்கப் போட்டு, மேல ரம்பத்தை வச்சுத் தள்ளணும். அறுக்கிற நேரம் பூரா ரம்பத்தோட எடையைத் தாங்குறது ப்ளைவுட், அண்ணனோட கை இல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமையில அவர் அதைத் தூக்கி வைக்கப் போறது மிஞ்சிப் போனா இருபது தடவை. இருபது தடவை தூக்குறதுக்கு மெக்னீசியமா? அடப் போங்கண்ணே!

இதுல காமெடி என்னன்னா, எடைதான் பிரச்சனைன்னா அதுக்குப் பதில் பக்கத்து அலமாரியிலேயே இருக்கு. வோர்ம் டிரைவ்லயே எடை குறைச்சலான ஸ்கில்ஸா மெக்னீசியம் மாடல் (எஸ்பிடி77டபிள்யூஎம்எல்) 11.6 பவுண்டு, நம்ம கணக்குல அஞ்சேகால் கிலோ. மக்கீட்டா 5377எம்ஜி 13.2 பவுண்டு, ஆறு கிலோ. அதுல இருக்கிறது புழு கூட இல்ல, ஹைப்பாய்டுங்கிற அதோட பங்காளி கியர். டிவால்ட் டிடபிள்யூஎஸ்535ம் ஹைப்பாய்டுதான், 13.8 பவுண்டு. இப்போ பாம்பு பக்கம் வாங்க. மக்கீட்டா 5007எம்ஜி 10.6 பவுண்டு, டிவால்ட் டிடபிள்யூஇ575 8.8 பவுண்டு, அதாவது நாலே கிலோ. எல்லாமே 7¼ இஞ்ச் பிளேடு, எல்லாமே 15 ஆம்பியர். உலகத்துலேயே எடை குறைஞ்ச புழுன்னு மார் தட்டுறதை விட சாதாரணப் பாம்பு ஒண்ணேகால் கிலோ குறைவு. விலையும் குறைவு. பரீட்சையில பெயிலானவங்கள்ல நான்தான் ஃபர்ஸ்ட்டுன்னு பார்ட்டி கேட்ட நண்பன் ஞாபகம்தான் வருது (பேரு வேண்டாம், படிச்சுக்கிட்டு இருப்பான்).

"இடது பக்க பிளேடு வேணுமே"ன்னு கேப்பீங்க. அதுக்குப் புழு எதுக்கு? பேட்டரியில ஓடுற 6½ இஞ்ச் சின்ன ரம்பங்கள்ல இடது பக்க பிளேடு சர்வ சாதாரணம். ப்ளைவுட்டுக்கு அதுவே தாராளம். இன்னொண்ணையும் யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. பிளேடு இடது பக்கம்னா மெஷினோட மொத்த பாரமும் வலது பக்கம். அறுபட்டு விழப் போற துண்டு வலது பக்கம் இருந்தா, அஞ்சு கிலோவும் அந்த விழற துண்டு மேலதான் உக்காந்திருக்கும். கடைசி இஞ்ச்ல துண்டு மடங்கும், பிளேடைக் கவ்வும், ரம்பம் பின்னாடி உதைக்கும்.

உதைன்னதும் முறுக்குவிசையையும் பேசிடணும். கவ்விப் பிடிச்சா சின்ன மோட்டார் பல சமயம் திணறி நின்னுடும். புழு அவ்வளவு சுலபமா நிக்காது, அதுக்காகத்தான் அதைச் செஞ்சாங்க. பழைய 77ல முறுக்குக்கு ஈடா பாரமும் இருந்துச்சு. மெக்னீசியத்துல பாரம் குறைஞ்சுது, மோட்டாரோட வலு அப்படியே இருக்கு. தினமும் அறுக்கிறவர் கை அதை வாங்கிக்கும். மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு அறுக்கிற கைக்கு அந்தப் பழக்கம் எங்கேர்ந்து வரும்?

அதோட சில ஃபிரேமிங் ஆளுங்களுக்கு இருக்கிற ஒரு கெட்ட பழக்கமும் வீடியோ பார்த்து இவங்களுக்குத் தொத்திக்குது. கீழ் கார்டைத் தூக்கிட்டு, மூடாம இருக்க ஒரு ஆப்பு செருகி வச்சுடறது. மேலயும் கீழயும் கார்டு இருக்கணும், கீழ் கார்டு தானா மூடணும்னு அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதியே இருக்கு. வீட்டு ஷெட்ல அதைச் செக் பண்ண யார் வரப் போறா? வீட்ல குழந்தை ஓடிட்டு இருக்கும்ணே.

பேட்டரி மெஷின்கள்ல இன்னொரு கூத்து. "வோர்ம் டிரைவ் ஸ்டைல்"னு பெட்டியில போட்டிருப்பான் பாருங்க, டிவால்ட் 60 வோல்ட் ரம்பம் மாதிரி. ஸ்டைல்! உள்ள புழு கிடையாது. பின்னாடி கைப்பிடி, இடது பக்க பிளேடு, அவ்வளவுதான். ஸ்கில்ஸாவோட பேட்டரி 77ல நிஜமாவே புழு கியர் இருக்கு, அதையும் சொல்லிடறேன். ஆனா பெட்டியில "ஸ்டைல்"ங்கிற வார்த்தை எவ்வளவு பொடி எழுத்துல இருக்குன்னு கடையில போய்ப் பாருங்க. எங்க சார் இதைத்தான் "பொசிஷனிங்"னு நடத்தினார்னு நினைக்கிறேன்.

அலமாரிக்கு உண்மையில தேவை சுத்தமான வெட்டு. ப்ளைவுட்டோட மேல் தோல் பிய்யாம வரணும். அதைத் தீர்மானிக்கிறது பிளேடு. கூடவே வர்ற 24 பல் பிளேடு சட்டம் அறுக்க. அதைக் கழட்டிட்டு 40 பல்லோ அதுக்கு மேலயோ மாட்டணும். 1.5 மி.மீ. அளவுக்குத்தான் மரத்தைத் தின்கிற மெல்லிய பிளேடா இருந்தா மோட்டாருக்கும் சுமை குறையும், அப்போ புழுவோட முறுக்குக்கும் வேலையில்லாமப் போகுது. அடியில ஒரு தெர்மாகோல் ஷீட், மேல நேரா ஒரு கட்டை வச்சு ரெண்டு கிளாம்ப். மீதிக் காசுல நல்ல மரம் வாங்கலாம்.

கடைசியா, ஊருக்குத் தூக்கிட்டு வர்ற திட்டம். அங்க கரண்ட் 120 வோல்ட், இங்க 230. நேரா செருகினா புகைதான். 15 ஆம்பியர், 120 வோல்ட்னா 1800 வாட். அந்தச் சுமையைத் தாங்குற டிரான்ஸ்பார்மர் ரம்பத்தை விடக் கனமா இருக்கும். எடை குறைவுன்னு வாங்கின ரம்பத்துக்கு ஒரு இரும்புப் பெட்டியைத் துணைக்குத் தூக்கிக்கிட்டுத் திரியணும்! போஷ் ஜிகேஎஸ் 190 இங்கேயே கிடைக்குது. 1400 வாட், 4.2 கிலோ, பாம்பு வகை. சர்வீஸும் இங்கேயே.

"ஊர்ல மார்பிள் கட்டர்ல மர பிளேடு மாட்டி அறுக்கிறாங்களே, அது இன்னும் எடை குறைவாச்சே"ன்னு அண்ணன் கேட்டார். கேப்பார்னு தெரியும். எடையை மட்டும் பார்த்தா கடைசியில வந்து நிக்கிற இடம் அதான். அது கல்லு அறுக்கிற மெஷின். நிமிஷத்துக்கு 12,000 சுத்து அளவுல ஓடும், கீழ தானா மூடுற கார்டு கிடையாது. நம்ம ஆசாரிங்க அதை வச்சுப் பொழைக்கிறாங்கன்னா வேற மெஷின் வாங்கக் காசில்லாம. டாலர்ல சம்பளம் வாங்குறவருக்கு அந்தச் சாக்கு கிடையாது.

"அப்போ பாம்பே வாங்கிடறேன்டா"ன்னு போனை வச்சார். வாங்கினதும் போட்டோ அனுப்புறேன்னு சொல்லியிருக்கார். மொதல்ல பிளேடைத்தான் பார்ப்பேன்.

டிஸ்கி: இடது கைக்காரங்க இந்தப் பதிவுல இடம், வலம் வர்ற இடத்தையெல்லாம் மாத்திப் படிச்சுக்கோங்க. உங்களுக்கு சாதாரண வலது பக்க பிளேடு பாம்புலேயே கோடு நல்லாத் தெரியும்.